நிமிர்த்திக் கொண்டுவந்த பெட்டி

கண்டக்குழியில் கில்பட் தனக்கென்று வரைந்து கட்டிய வீட்டுக்கு ஒரே ஒரு வாசல். வாசலிலிருந்து கூடத்துக்குப் போக மூன்றடி அகலத்தில் ஒரு நடை. சுவரும் கூரையும் பூசாத கொங்கிரீட். கச்சான் காற்று மணலை உள்ளே அள்ளி வராதபடி, நடை இரண்டு இடத்தில் சட்டென்று திரும்பும். அது முடிந்ததும் பதினாறடிக் கண்ணாடி, அதற்கு அப்பால் கடல். திறக்க முடியாத கண்ணாடி. கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து படமெடுத்துப் போனார்கள். கட்டில், மேசை, உட்காரும் வாங்கு எல்லாம் உள்ளேயே வார்த்த கொங்கிரீட். ஆகவே ஆறு வருடமாக அந்த நடையால் நீளமான எதையும் தூக்கிப் போகும் தேவை யாருக்கும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அம்மா அனஸ்தாசியா அந்த வீட்டிலேயே செத்துப்போனாள்.

"அம்மாவ என்ட வீட்ட கொண்டு போவம்," என்றான் அண்ணன் சூசைப்பிள்ளை. "இந்த பங்கருக்குள்ள சனம் எங்கடா இருக்கிற?"

"மூண்டு வருசம் அவ என்னோடதான் இருந்தவ. இங்க இருந்துதான் போவா."

கில்பட் துக்கத்தில் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. ஆர்க்கிடெக் தம்பி கடலோரம் கக்கூஸ் கட்டியிருக்கிறான் என்று சிரித்த ஊர் அது. அந்த ஊர் வரிசையாக உள்ளே வந்து, கடலை முன்னால் வைத்து அம்மாவைப் பார்க்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு திரும்ப வேண்டும்.

மலர்ச்சாலை ஆட்கள் கொண்டுவந்த சவப்பெட்டி முதல் திருப்பத்திலேயே முட்டியது. வெறும் பெட்டிதானே. நிமிர்த்தி, நட்டுக்குத்தாக நகர்த்தி உள்ளே எடுத்தார்கள். நாளைக்கு இது எப்படி வெளியே போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டை வரைந்தவனும் கேட்கவில்லை.

மறுநாள் மூன்று மணிக்குக் கோயில் மணி அடித்தது. சுவாமி செபம் சொல்லி முடித்தார். மூடியைப் போட்டு ஆறு பேர் தூக்கினார்கள். திருப்பத்தில் பெட்டி நின்றது. பின்னால் இழுத்து, சரித்து, மறுபடி தள்ளிப் பார்த்தார்கள். உள்ளே ஏதோ உருண்டு மோதும் சத்தம் கேட்டது.

"நேத்து எப்பிடி உள்ள வந்த?"

"நிமித்தித்தானே."

பெட்டியைத் திரும்பக் கூடத்தில் வைத்தார்கள்.

"கண்ணாடிய உடைப்பம்," என்றான் சூசைப்பிள்ளை.

கில்பட் கண்ணாடியைப் பார்த்தான். அடுத்த மாதம் விருதுக்குழு வீட்டைப் பார்க்க வரவிருந்தது.

"உடைங்கப்பா," என்றாள் அவன் மனைவி றஜிதா.

"பொறுங்க. வேற வழி இருக்கா எண்டு யோசிப்பம்."

"நல்லா யோசி," என்றான் அண்ணன். "யோசிச்சுத்தானே கட்டின நீ."

சூசைப்பிள்ளை மூடியைத் திறந்தான். குனிந்து அம்மாவை இரண்டு கையிலும் வாரி எடுத்து, அவளுடைய தலை சுவரில் படாமல் தன் தோளோடு அணைத்துக்கொண்டு நடைக்குள் போனான். மலர்ச்சாலைக்காரன் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். மற்றவர்கள் அண்ணனுக்குப் பின்னால் போய்விட்டதால் மறுபக்கத்துக்கு ஆள் இல்லை. கில்பட் பிடித்தான்.

வெளியே வெயிலில் சனம் விலகியது. தாயின் பிரேதத்தை மகன் கையில் ஏந்திக்கொண்டு வருவதை அந்த ஊர் பார்த்ததில்லை. ஒரு பெண் வீரிட்டாள். வெறும் பெட்டியோடு பின்னால் வந்தவனையும் எல்லாரும் பார்த்தார்கள். கடற்கரை மணலில் வைத்து அவளை மறுபடி கிடத்தினார்கள். விலகியிருந்த முக்காட்டைச் சரிசெய்யக் கில்பட் கை நீட்டினான்.

"விடு," என்றான் அண்ணன்.

பெட்டிக்குத் தோள் கொடுக்கக் கில்பட்டுக்கு இடம் கிடைக்கவில்லை. ஒவ்வொரு பக்கமும் போய்ப் பார்த்தான், ஒருவரும் விலகவில்லை. அம்மாவைப் புதைக்கும் சேமக்காலை வரை அவன் சனத்தோடு சனமாக நடந்தான்.

மண் போட்டு முடிந்ததும் சூசைப்பிள்ளை கை மண்ணைத் தட்டிக்கொண்டு அவனிடம் வந்தான்.

"ஏழாம் நாள் செபம் என்ட வீட்டில. சனத்துக்கும் சொல்லிட்டன்."

"எத்தின மணிக்கு?" என்று கேட்டான் கில்பட், அழைப்புக் கிடைத்த அயலவனைப் போல.