மூன்றாவது ஓலைக்கு முன்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, ஒட்டுக்கேட்டேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த கல்லூரிப் பெண் போனில் சொன்னாள்: "எங்க வூட்ல ஆளுக்கு ஒண்ணு இருக்குடி. அப்பாவுக்கு மட்டும் ரெண்டு."

சொத்தைப் பற்றிப் பேசுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, மனநோயைப் பற்றி. அவள் மடியில் பிறழ்நிலை உளவியல் பாடப்புத்தகம் இருந்தது. அவள் இறங்கிப் போனதும், பின்னாலேயே போக முடியாத வருத்தத்தில் அவளுக்கு சுகன்யா மேரி என்று பெயர் வைத்தேன். வரதராசன்பேட்டையில் ஒரு வீடும் பின்னால் முந்திரித் தோப்பும் கொடுத்தேன்.

2

முதலில் எழுதிய வரி: மனித மனம் என்பது ஆழம் காண முடியாத ஒரு

(கிணறா, கடலா என்று முடிவு செய்வதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

அடுத்த வரி: பிறழ்நிலை உளவியல் படிக்கத் தொடங்கிய பிறகு, சுகன்யா மேரியின் வீட்டில் ஒருவரும் நலமாக இல்லை.

இது நிற்கட்டும்.

அவள் அப்பா பெனடிக்ட் பழுதான மோட்டாரையும் அறுந்த ஒயரையும்கூட எறிய மாட்டார்.

"பழசையெல்லாம் சேத்து வெக்கிறது ஒரு நோய்ப்பா."

"ஒங்கம்மாவக்கூடத்தான் இத்தன வருசமா வெச்சிருக்கேன். அதுவும் இதுல சேத்தியா?"

அம்மா இன்னாசிமேரி சமைக்கும்போது அந்தோனியார் படத்தோடு வாய்விட்டுப் பேசுவாள்.

"அவரு பதில் சொல்றது ஒனக்குக் காதுல கேக்குதாம்மா?"

"கேட்டிருந்தா ஒனக்கு எப்பவோ புத்தி வந்திருக்கும்."

சுகன்யா அசரவில்லை. தனக்கே மூன்று நோய்கள் இருப்பதாகச் சந்தேகித்தவள் அவள்.*

* இந்தப் பாடம் படிக்கிற பலருக்கும் இப்படித்தான். புரட்டும் பக்கமெல்லாம் தெரிந்த முகங்கள்.

3

அக்கா ஆனி ரோஸைப் பெண் பார்க்க ஏலாக்குறிச்சியிலிருந்து பிரேம் வந்தார். கணக்கு வாத்தியார். கை கழுவப் போனவர் திரும்புவதற்குள் வடை ஆறிவிட்டது. கிளம்பும்போது கேட்டைச் சாத்தினார், பைக் வரைக்கும் போனார், திரும்பி வந்து கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் போனார். மறுபடியும் வந்தார்.

"மாப்ளைக்கு நம்ம வூட்ட வுட்டுப் போக மனசில்ல" என்று அப்பா பூரித்தார்.

சுகன்யாவுக்குப் பக்க எண்ணே ஞாபகம் வந்தது. எண்ணச் சுழற்சி நோய்; அதாவது ஓ.சி.டி.

ஈஸ்டர் கழித்துக் கல்யாணம். அதற்கு முன் மூன்று ஞாயிறுகள் கோயிலில் ஓலை வாசிப்பார்கள்: இன்னாரும் இன்னாரும் மணமுடிக்கவிருக்கிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். ஊரில் அந்தக் கடைசி வாக்கியம் யார் காதிலும் விழுவதில்லை. முதல் ஓலையன்று சுகன்யாவின் காதில் விழுந்தது. 'கடமை' என்ற சொல் அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

(அக்கா போகிறாளே என்ற பொறாமையில் இவள் இப்படி நினைக்கிறாள் என்று ஒரு வரைவில் எழுதினேன். அடித்துவிட்டேன். அவளிடம் இருந்தது அன்பும் பாதிப் பாடமும்தான்.)

இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. அன்று மாலை தோப்பில், முந்திரிப் பழத்திலிருந்து கொட்டையைத் திருகிக்கொண்டிருந்த அக்காவிடம் போய் நின்றாள்.

"அக்கா, அவருக்கு ஒரு இது இருக்குக்கா."

"தெரியும். திருச்சியில டாக்டரப் பாக்குறாரு. மாத்திரை சாப்புடுறாரு."

சுகன்யாவின் கையிலிருந்த பழம் விழுந்தது. "யாரு சொன்னா?"

"அவருதான். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே, கெணத்தடியில. 'புடிக்கலன்னா நான் வேணாம்னு சொன்னதா சொல்லிக்கங்க'ன்னாரு. அப்படிச் சொல்ற ஆள எப்படிடி வுடுறது?"

"பயமா இல்லியா?"

"இருந்துச்சு. கேஸ் அடுப்ப மூடுனமான்னு இனிமே நான் எந்திரிச்சுப் பாக்க வேணாம், நீங்களே பாத்துடுவீங்கன்னு அவருகிட்டயே சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்புறம் டாக்டருகிட்டயும் கூட்டிட்டுப் போனாரு. அவரு கேக்குறப்பல்லாம் 'மூடிட்டீங்க, மூடிட்டீங்க'ன்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தா நோய்க்குத் தீனி போடுற மாதிரின்னு டாக்டரு சொன்னாரு. ஏன்டி, இதெல்லாம் ஒன் பொஸ்தகத்துல இல்லியா?"

"அது அடுத்த பாடம்க்கா. இன்னும் நடத்தல."

அக்கா மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சனிக்கிழம வந்து அப்பா அம்மாகிட்டயும் சொல்லப்போறாரு. மறைச்சுக் கட்டக் கூடாதுங்கிறாரு. அப்பா மாட்டேன்னுட்டா என்னா பண்றதுன்னுதான்டி தெரியல."

4

முடிவுகள்.

அ) பிரேமுக்கு நோயே இல்லை. கேட்டில் கொக்கிதான் கோளாறு. எல்லாரும் சிரிக்கிறார்கள்.

(இதுதான் என் முதல் திட்டம். எழுதி முடித்ததும் கூசியது. இவர்கள் சந்தோஷமாக இருக்க, அவருக்கு நோய் இல்லாமல் இருந்தே ஆக வேண்டுமா?)

ஆ) அப்பா கோபித்துக்கொண்டு எழுந்து போகிறார். ஆனி ரோஸ்

(மாட்டேன்.)

5

சனிக்கிழமை. இலை போட்டாயிற்று. ஒருவரும் கை வைக்கவில்லை. பிரேம் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனி ரோஸ் அப்பாவையே பார்த்தாள்.

பெனடிக்ட் சின்ன மகள் பக்கம் திரும்பினார். அவள் சொன்னதைக் கேட்டு இதுவரை சிரித்தவர், முதல்முறையாகச் சிரிக்காமல் கேட்டார்: "பாப்பா, ஒன் பொஸ்தகத்துல என்னா போட்டிருக்கு?"

சுகன்யாவுக்கு ஒரு பத்தியே மனப்பாடம். வாயைத் திறந்தாள். பிரேமின் முகத்தைப் பார்த்தாள்.

"பொஸ்தகத்துக்கு இவரத் தெரியாதுப்பா. இவருகிட்டயே கேளுங்க."

இன்னாசிமேரி குழம்புக் கரண்டியோடு வந்து நின்றாள்.

"மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா மாப்ள?"

பிரேம் நிமிர்ந்தார்.

அடுத்துப் பேச வேண்டியவர் பெனடிக்ட். அவருக்கு நான் எழுதிப் பார்த்த வசனங்கள் எல்லாம் நாடகத்தனமாக இருந்தன. எதையும் வேண்டாமென்று எறியாத அவரை இவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்; நீங்களே எழுதுங்கள். சீக்கிரம், சோறு ஆறுகிறது.