பின்சீட்டில் மருமகன்

மௌத்தானவரைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டியைத் தோளில் தூக்கி வந்தவர்கள் கேட்டடியில் நின்றுவிட்டார்கள். வழியை மறித்துக்கொண்டு குறுக்கே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது.

தள்ளிப் பார்த்தார்கள். ஹேண்டில் பூட்டியிருந்தது. "திறப்பு எங்க?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் றமீஸைப் பார்த்தார்கள். வீட்டுக்கு ஒரே மருமகன் அவன். திறப்பு தொலைந்தாலும் தண்ணீர் நின்றாலும் இன்றைக்கு அவனைத்தான் பார்ப்பார்கள். குளிப்பாட்டியபோது மாமாவின் சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையும் இரண்டு இஞ்சி டொபியும்தான் வந்தன. திறப்பு வரவில்லை. கடைசியில் இளந்தாரிகள் சிலர் மோட்டார் சைக்கிளை அப்படியே அலாக்காகத் தூக்கி முருங்கை மரத்தடியில் வைத்தார்கள். தூக்கியவர்களில் ஒருவன், "நல்ல பாரம், ரோட்டுல அலையாம நிக்கும்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். சந்தூக்குக்குள் கிடந்த மாமா அச்சிமுகம்மதுவுக்குக் கேட்டிருந்தால் ஆமோதித்திருப்பார்.

அந்த மோட்டார் சைக்கிளில் இருந்தபடிதான் அவர் காலையில் மௌத்தானார். விழுந்து அல்ல, மோதி அல்ல. கேட்டடி முற்றத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திய வண்டியின் மேல் நிமிர்ந்து இருந்தவாக்கிலேயே நெஞ்சு நின்றுவிட்டது. கேட் திறந்து கிடந்தது. பாதையால் போனவர்கள் ஸலாம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்கள். மீன்காரர் வண்டியை நிறுத்தி, "பாரை இரிக்கி, எடுக்கலயா?" என்று கேட்டுப் பதில் வராமல், பென்ஷன் எடுக்கிற ஆட்களுக்கு இந்தப் பெருமை ஆகாது என்று முணுமுணுத்துக்கொண்டு போயிருக்கிறார். பிறகு அச்சிமுகம்மதுவின் பெஞ்சாதி மைமூனா, பயணத்துக்குப் போடுகிற அபாயாவும் போட்டுக்கொண்டு வெளியே வந்து, கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுக் கத்திய பிறகுதான் ஊருக்குத் தெரியும். வீட்டுக்குள் சோற்றுக்கு ஆணம் காய்ச்சிக்கொண்டு நின்ற மனுஷி அந்த நேரத்தில் அபாயா போட்டது ஏன் என்று அந்த அமளியில் யாரும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் நிச்சயம். அது வசதியான மோட்டார் சைக்கிள்தான். உயிர் போன பிறகும் ஆளை நிமிர்த்தி வைத்திருந்த சீட்டுக்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

அச்சிமுகம்மது கல்முனைச் சந்தையில் முப்பது வருஷம் புடவைக் கடையில் நின்றவர். சொந்தக் கடை அல்ல, மச்சானுடையது. மச்சான்தான் கடைசியில் ஒரு சிறிய பென்ஷன் போல மாதாமாதம் கொடுத்து அனுப்பி வைத்தார். அந்த முப்பது வருஷமும் பெண்கள் அடுக்கில் இருக்கிற சாறி முழுவதையும் இறக்க வைத்து, விரித்து, கசக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிறகு வாறம்" என்று போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கெல்லாம் சேர்த்து அவர் பழிவாங்கியது மோட்டார் சைக்கிள் விற்கிறவர்களிடம். வாகன இறக்குமதித் தடை நீங்கி ஷோரூம்களில் புது வண்டிகள் வந்து இறங்கிய நாள் தொடக்கம், காரைதீவுச் சந்தியிலிருந்து மருதமுனை வரைக்கும் அவர் ஏறி இருந்து பார்க்காத வண்டி இல்லை. இருந்து, ஆட்டி, அமுக்கிப் பார்த்துவிட்டு, "பிறகு வாறன்" என்பார்.

அவருக்கு வேண்டியது இதுதான்: கிழமை நாளில் சந்தைக்கும் வயலுக்கும் போக வேண்டும். வெள்ளாமை வெட்டி முடிந்த பிறகு மைமூனாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பொத்துவில், எல்ல, நுவரெலியா என்று சுற்றி, திருகோணமலையால் திரும்பி வர வேண்டும். ஆகவே முன்னுக்குக் குனிகிற வண்டி கூடாது. "இது பைக் இல்ல, தொழுகையில குனியுற றுக்கூஉ" என்று தள்ளிவிடுவார். காலை முன்னுக்கு நீட்டிக்கொண்டு சாய்கிற வண்டியும் கூடாது. அது ஈசிச்செயர், நித்திரை வரும். "தொழுகையில அத்தஹிய்யாத்துக்கு இரிக்கிற மாதிரி நேரா இரிக்கணும்" என்று ஷோரூம் பெடியன்களுக்கு விளக்குவார். ஒருமுறை இதை மௌலவியின் காதில் படச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இதில் றமீஸுக்கு நேர்ந்த அநியாயம் வேறு. பின்சீட்டையும் பார்க்க வேண்டுமல்லவா? மைமூனாவுக்கு இடுப்பு நோவு. அதற்காக அவளைக் கடை கடையாக ஏற்றி இறக்க முடியுமா, பொம்பிளையை? அந்த வேலை மருமகனின் தலையில் விழுந்தது.

"மருமகன், ஒரு பக்கமா இரிங்க. மாமி இரிக்கிற மாதிரி."

பாடசாலையில் பதினோராம் வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிற மனிதன் அவன். சேர்ட்டை உள்ளே விட்டு, பேனை குத்தி, இரண்டு காலையும் இடப்பக்கம் சேர்த்துத் தொங்கப்போட்டுக்கொண்டு மாமனாரின் பின்னால் ஒரு பக்கமாக உட்காருவான். அவர் முன்னுக்குப் பார்த்தபடியே, "இடுப்பு நோகுதா?" என்பார். "இல்ல மாமா" என்றால் விடமாட்டார். "மாமியா நினைச்சிச் சொல்லுங்க." அவன் மாமியாக நினைத்துச் சொல்லுவான். பெற்றோல் செட்டுக்கு முன்னால் ஒரு நாள் இதை அவனுடைய மாணவர்கள் பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து பாடசாலையில் அவனுக்குப் பெயர் மாமி சேர்.

வீட்டில் மைமூனாவும் சும்மா இருக்கவில்லை. "ஒங்கட மாமா கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து என்னைய ஏத்தினதவிட, இந்த ஒன்டரை வருசத்துல ஒங்களத்தான் கூட ஏத்தியிரிக்காரு" என்று சோறு போடும்போது குத்துவாள். "எனக்காகவாம். எனக்கிட்ட ஒரு நாளாவது கேட்டாரா?" மகள் றிஸ்லா சிரிப்பாள். றமீஸ் சோற்றைப் பார்த்துக்கொண்டு தின்பான்.

அந்தக் குத்தல்தான் இன்றைக்கு அவனுடைய நெஞ்சில் கல்லாக இருந்தது. சந்தூக்கு எடுக்க முன்பு, மௌத்தானவரோடு கூடப்பிறந்த ராத்தா ஆகிலா மைமூனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு மனிசன் ஆருடைய மனக்குறையையும் கபுறுக்குள் கொண்டுபோகக் கூடாது, பெஞ்சாதி மன்னித்தால்தான் அவன் போகிற வழி லேசு, ஹலாலாக்கிட்டன் என்று ஒரு சொல்லுச் சொல்லு மைமூனா என்று கேட்டாள். மைமூனா வாய் திறக்கவில்லை. இரண்டாம் முறை கேட்டாள். மைமூனா சுவரைப் பார்த்தாள். துக்கத்தில் நாக்கு எழும்பவில்லை என்று பெண்கள் தங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். றமீஸுக்கு மட்டும் அது துக்கம் போலத் தெரியவில்லை. மாமி கோபமாக இருக்கிறாள். ஒன்றரை வருஷக் கோபம். அதில் பாதிக்கு அவனும் பங்காளி.

சொல் கிடைக்காமலே சந்தூக்கு பள்ளிக்குப் போனது.

தொழுகைக்கு முன்னால் றமீஸ் மைக்கைப் பிடித்தான். மகன் இல்லாத வீட்டில் அதுவும் அவன் வேலைதான். மாமாவுக்கு யாராவது ஏதாவது கொடுக்க இருந்தால், மாமா யாருக்காவது ஏதாவது கொடுக்க இருந்தால் என்னிடம் வாருங்கள். அவரால் யாருக்காவது மனக்குறை இருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்து ஹலாலாக்கி விடுங்கள் என்று கேட்டான். வழக்கமாக இந்த இடத்தில் எல்லாரும் தலையைக் குனிவார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு மூன்றாவது வரிசையில் அபுல் ஹஸன் எழும்பினார். அவர் பழைய வண்டி வாங்கி விற்கிறவர்.

"இருந்து பாக்குறன் என்டு ஏறி, கண்ணாடிய முறிச்சவர். நான் ஹலாலாக்கிட்டன்."

அது ஒரு வாசல் திறந்த மாதிரி ஆகிவிட்டது. பின்வரிசையில் ஒருவர் எழும்பி, சந்தியை ஒருக்காச் சுற்றிவிட்டு வாறன் என்று தன்னுடைய வண்டியை எடுத்த ஆள் ஒலுவில் துறைமுகம் வரைக்கும் போய் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்ததையும், தான் நடந்து வீட்டுக்குப் போனதையும் சொல்லி, ஹலாலாக்கினார். இன்னொருவர், தன்னுடைய வண்டியை வாங்க வந்த ஆளிடம் மர்ஹூமான அச்சிமுகம்மது, இந்த சீட் கல்லு என்று சொல்லி வியாபாரத்தைக் குழப்பியதைச் சொன்னார். "நான் ஹலாலாக்கிட்டன். ஆனா சொல்லத்தான் வேணும், சீட் மெய்யாவே கல்லுதான்" என்றார். பள்ளிக்குள் ஒரு சிரிப்பு எழும்பி, தொண்டைக் கனைப்பாக மாறி அடங்கியது. மௌலவி தாடியைத் தடவிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

கல்முனை மன்னித்துவிட்டது. றமீஸ் வரிசையில் நின்று தக்பீர் கட்டும்போது அவனுடைய மனம் வீட்டில்தான் நின்றது. ஊர் முழுக்க மன்னித்து என்ன, வீட்டுக்காரி மன்னிக்கவில்லையே.

மையவாடியில் மண் போட்டுவிட்டு வெளியே வந்தபோது தங்கத்துரை நின்றார். பாண்டிருப்பு ஆள், தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். மோட்டார் சைக்கிள் அவருடையது. பெஞ்சாதி இராசாத்திக்கு முழங்கால் ஏலாமல் போனபடியால் விற்கப் போட்டிருந்தார். முந்தாநாள் அச்சிமுகம்மது வந்து இருந்து பார்த்து, முதல் முறையாக "பிறகு வாறன்" என்று சொல்லாமல், "வீட்ட கொண்டுபோய்க் காட்டிட்டு வாறன்" என்று சொன்னாராம். தங்கத்துரை தொப்பி இல்லாத தலையில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு, கையைப் பிசைந்தார்.

"இண்டைக்கு இதக் கதைக்கப்படாது தம்பி. ஆனா பின்னேரம் அக்கரைப்பற்றில இருந்து ஒராள் வண்டி பாக்க வாறார். அவர் எடுக்கிறதெண்டா எடுக்கட்டும். உங்களுக்கு வேணுமெண்டா நான் அவரத் திருப்பி அனுப்பிப்போடுவன்."

வேண்டாம் என்றான் றமீஸ். இனி யாருக்கு? தங்கத்துரையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அவர் உள்ளே வரவில்லை. இத்தா வீடு, நான் கேட்டுக்கு வெளியே நிற்கிறேன் என்று மதிலோரம் நின்றுகொண்டார்.

திறப்பைத் தேடினால் காணவில்லை. றிஸ்லா அழுது வீங்கிய முகத்தோடு, "உம்மாவக் கேளுங்க" என்றாள்.

மைமூனா அறையில் வெள்ளை உடுத்து, கட்டிலின் விளிம்பில் இருந்தாள். இனி இத்தா முடியும்வரை, நாலு மாதமும் பத்து நாளும் அவள் கேட்டைத் தாண்ட முடியாது. வெளி ஆண்கள் பார்க்க முடியாது, மருமகன் பார்க்கலாம். றமீஸ் கதவடியில் நின்று, தங்கத்துரை வந்திருக்கிறார், திறப்பு உங்களிடமா என்று கேட்டான். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, காலையில் மாமாவின் கையிலிருந்து எடுத்த திறப்பை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். கொடுக்கவில்லை.

விட்டால் இனிக் கேட்கிற சந்தர்ப்பம் வராது என்று அவனுக்குப் பட்டது.

"மாமி, அந்தச் சொல்லயும் சொல்லிருங்க. மாமா ஒங்களக் கூட்டிப் போகாதது பிழைதான். நானாவது அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கணும்."

"அவர நான் என்னத்த ஹலாலாக்குற மகன்?" என்றாள் மைமூனா. "கூப்பிட்டவரே."

றமீஸுக்கு விளங்கவில்லை.

"காலையில வண்டிய நிப்பாட்டிட்டு, மைமூனா, மருமகன வெச்சிப் பாத்தது போதும், நீ வந்து ஏறு என்டார். எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். ஆனா உடன போனா லேசாப் போயிடும் என்டு, ஆணம் அடுப்புல கிடக்கு, பிறகு வாறன் என்டன்." அவள் திறப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பிறகு ஆணத்த இறக்கி வெச்சன். நல்ல அபாயாவப் போட்டன். கண்ணாடியும் பாத்தன் மகன், இந்த வயசில. போனா, மனிசன் நிமிந்து இரிக்காரு. காத்திருந்த கோவம், அதுதான் திரும்பிப் பாக்காரு இல்ல என்டு நினைச்சி, தோளப் பிடிச்சி ஏறப் போனன்."

கூடத்தில் ஆகிலா யாருக்கோ தேத்தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"எல்லாரும் என்னையப் புடிச்சி அவர ஹலாலாக்கு, ஹலாலாக்கு என்டுறாங்க. என்னைய ஆரு ஹலாலாக்குற?"

கணிதத்தில் தீர்வில்லாத சமன்பாடு என்று ஒன்று உண்டு, அதைப் பிள்ளைகளுக்குச் சுலபமாகச் சொல்லிக்கொடுத்துவிடலாம். இது அப்படி இல்லை. றமீஸுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து ஓடித் திரிந்ததில் அழ நேரம் கிடைக்கவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது.

மைமூனா எழும்பினாள். கேட்டை மூடச் சொன்னாள். றிஸ்லா ஓடிப்போய் மூடினாள். வெளியே நின்ற தங்கத்துரை, நான் இந்தப் பக்கம் பார்க்கவில்லை என்பதைத் தெரிவிக்க இரண்டு தரம் இருமினார். மைமூனா முருங்கை மரத்தடிக்கு நடந்து வந்து திறப்பை றமீஸிடம் நீட்டினாள்.

"பூட்டத் திறந்துட்டு முன்னுக்கு இரிங்க மகன்."

அவன் ஏறி இருந்தான்.

"கூனாதீங்க. அவர் கூனமாட்டார்."

அவன் நிமிர்ந்தான். கைகள் தாமாக ஹேண்டிலில் போய்த் தளர்ந்து நின்றன. முதுகு எங்கும் இழுக்கவில்லை. மாமா சொன்னது சரிதான். தோளில் ஒரு கை பட்டது. ஸ்டாண்டு ஒருமுறை முனகியது. கண்ணாடியில் வெள்ளைச் சீலையின் ஒரு ஓரம் மட்டும் தெரிந்தது. மாமி ஒரு பக்கமாக, காலைச் சேர்த்துத் தொங்கப்போட்டு இருந்தாள். முருங்கைப் பூ ஒன்றிரண்டு பெற்றோல் தாங்கியில் விழுந்து கிடந்தது.

"பிறகு வாறன் என்டன்" என்றாள் அவள், அவனுடைய முதுகைப் பார்த்து. "வந்திட்டன்."

றமீஸ் திரும்பவில்லை.

"நான் ஹலாலாக்கிட்டன். நீங்களும் ஆக்கிருங்க."

ஒன்றரை வருஷம் மாமிக்குப் பதிலாகப் பதில் சொல்லிப் பழகியவன் அவன். கேட்டை நேராகப் பார்த்துக்கொண்டு, மாமாவாக நினைத்து, "ஓம்" என்றான்.

தோளில் இருந்த கை எடுபடவில்லை. பள்ளியில் அஸருக்குப் பாங்கு சொன்னது. மதிலுக்கு வெளியே தங்கத்துரையின் போன் அடித்தது. அக்கரைப்பற்று ஆளாக இருக்க வேண்டும். இன்றைக்கு வர வேண்டாம், வண்டியில் ஆள் இருக்கு என்று அவர் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது.