குடை, எலுமிச்சை, ரயில்

முப்பதுக்கு இருபத்தொன்பது என்று குடிமீட்பு மைய ஆலோசகர் விடைத்தாளைத் திருப்பிக் காட்டியபோது, அக்காளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"புத்தியில ஒரு குறையும் இல்லம்மா. உங்க தம்பி வேணும்னேதான் வகுப்புக்கு வராம இருக்காரு. இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுங்க."

வெல்டிங் பட்டறையே கதி என்று கிடந்தவன், குடியை விட்டு ஆறு வாரம்தான் ஆகிறது. வெளியே போனால் தெருமுனைக் கடை அவனை விட்டுவைக்காது. சொன்னதை அரைமணியில் மறந்துவிடுகிறான் என்று வருகிறபோதெல்லாம் அவள் முறையிட்டாள்; மறதிக்கு மையத்தார் திமிர் என்று பெயரிட்டார்கள். சோதித்தாவது பாருங்கள் என்று மன்றாடி இந்த ஞாபகசக்தித் தேர்வை வைக்கச் செய்தவளும் அவள்தான்.

துணிமணியை எடுக்க உள்ளே போனால், பக்கத்துக் கட்டில்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"வெல்டரு பாஸாமே! எங்க கோச்சிங்க்கா. குடை, எலுமிச்சை, ரயில், பொத்தான், கிணறு... பல்லு விளக்குறப்பகூட விடலையே! கடிகாரத்துல முள்ளு எங்க நிக்கணும்னு வரைஞ்சே காட்டினோம்."

"எல்லாருக்கும் இதே கேள்வியாண்ணே?"

"வருஷக்கணக்கா இதேதான். ஃபெயிலானா மனநல ஆஸ்பத்திரிக்குத் தள்ளிடுவாங்கன்னு பயம். பாவம், நம்மாளாச்சேன்னு..."

அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. விறுவிறுவென்று ஆலோசகரிடம் திரும்பினாள்.

"சார், வேற அஞ்சு வார்த்தை சொல்லிக் கேட்டுப் பாருங்க. ஒரே ஒரு தடவை."

"இஷ்டத்துக்கு மாத்த முடியாதும்மா. அதுவுமில்லாம, மனப்பாடம் பண்ண முடிஞ்சா மூளை நல்லாத்தானே இருக்கு?"

ஒரே வினாத்தாளை ஆண்டுக்கணக்கில் நீட்டுகிறவருக்கு என்ன விளக்கம் சொல்வது? மிச்சமிருப்பவர் பெரிய டாக்டர் ஒருவர்தான்.

தம்பியை வராந்தாப் பெஞ்சில் உட்கார வைத்தாள். "டேய், நான் டாக்டர்கிட்டப் பேசிட்டு வர்றேன். இங்கேயே இரு. எழுந்திருக்காதே."

"சரிக்கா."

டாக்டர் வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். காத்திருந்து கால் கடுத்து எட்டிப் பார்த்தபோது, பெஞ்சு காலியாக இருந்தது. ஓடினாள். அவன் வாசற்கதவருகே பையும் கையுமாக நின்றிருந்தான். ஒரு காலில் அவன் செருப்பு, மறுகாலில் யாருடையதோ.

"அக்கா! நீ எப்ப வந்தே?"

அவள் முகம் மாறுவதைக் கண்டதும் ஏதோ தப்பு நேர்ந்துவிட்டது என்பது மட்டும் அவனுக்குப் புரிந்தது. பையைக் கீழே வைத்தான், விறைத்து நின்றான்.

"குடை, எலுமிச்சை, ரயில், பொத்தான், கிணறு" என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, அவள் முகத்தையே பார்த்தான்.

காவலாளி கதவைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தார்.