யூதாஸ் நாற்காலி

பெரிய வியாழனன்று ராயபுரத்துக் கோயிலில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவி முத்தமிடுவார். இயேசு தம் சீடர்களுக்குக் கழுவினாரே, அதன் ஞாபகமாக. அந்தப் பன்னிரண்டு கனவான்களும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, பவுடரும் பூசிக்கொண்டுதான் வருவார்கள். முதல் நாற்காலி சீடர்களின் தலைவரான இராயப்பருடையது. அதில் கமிட்டித் தலைவர், மளிகை மண்டி தேவப்பிரியத்தைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. கடைசி நாற்காலி இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸுடையது. அதற்குத்தான் லேசில் ஆள் அகப்படாது.

குடியரசு வந்த வருஷம் தேவப்பிரியத்தின் மூளை வேலை செய்தது. துறைமுகத்தில் கரி சுமக்கும் வெள்ளத்துரையைக் கூப்பிட்டு அந்த நாற்காலியைக் கொடுத்தார். அது யாருடையது என்று வெள்ளத்துரைக்கும் தெரியும். ஆனாலும் சந்தோஷப்பட்டான். அவன் சாதி ஜனங்கள் கோயிலில் பின்னால் தரையில்தான் உட்கார வேண்டும். அவன் அப்பன் பிணமாகக்கூட நடுவாசல் வழியே வந்ததில்லை. சாமியார் கை தன் காலில் படப்போகிறது என்று கூட்டாளிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பெரிய வியாழனுக்கு முந்தின குருத்து ஞாயிறன்று தேவப்பிரியம் கோயில் வாசலில் சிலுவைக்குப் பக்கத்திலேயே தேசக் கொடியைக் கட்டிவிட்டுப் பேசினார். "அவனவன் தன் மதத்துக்கு நாடு கேக்கான். நமக்கு ஒரு தெருவாவது வேண்டாமா வே? கோயில் வீட்டுல துலுக்கச்சிக்கு என்ன சோலி? பாஸ்குத் திருநாள் முடிஞ்ச திங்கக்கிழமை சாமானைத் தூக்கி வெளிய வச்சிருவோம்."

கூட்டம் கை தட்டியது. சாமியார் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

துலுக்கச்சி என்றது விதவை ரசூல் பீவியை. கோயிலுக்குச் சொந்தமான வரிசை வீடுகளில் வெள்ளத்துரைக்கு அடுத்த வாசல். யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, முதல் மாட்டுவண்டியில் மூட்டை முடிச்சோடு ஏறியவர் இதே தேவப்பிரியம். அன்று வெள்ளத்துரையின் பெண்சாதி ஆலிஸுக்குப் பிரசவ வலி. ஓடாமல் நின்று பிள்ளையைக் கையில் ஏந்தியவள் பீவிதான். தேசாபிமானிகளுக்கு இதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது?

வியாழன் காலையில் வெள்ளத்துரை தேங்காய் நாரால் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆலிஸ் வந்து நின்றாள்.

"இன்னாய்யா, காலைத் தேய்ச்சிகினு கீற? திங்கக்கெழம பீவிம்மா எங்க போவாங்க?"

அவன் இன்னும் அழுத்தித் தேய்த்தான். எவ்வளவு தேய்த்தும் வெடிப்புகளில் கரி போகவில்லை. அவமானமாக இருந்தது, கரிக்காக மட்டும் அல்ல.

பூசையில் சாமியார் பதினோரு பவுடர் கால்களைக் கழுவி முடித்து அவன் முன்னால் முழங்காலிட்டார். வெள்ளத்துரை காலை இழுத்துக்கொண்டான்.

"சாமி, பீவிம்மா சாமானை வெளிய போடக் கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லு."

"அது கமிட்டி விஷயம்ப்பா. காலை நீட்டு."

"அப்ப எனுக்கு இந்த நாற்காலி வாணாம் சாமி. நான் யாரையும் காட்டிக் குடுக்கல. குடுக்கறவங்களப் பாத்துக் குந்த வை."

எழுந்து நடுவாசல் வழியாகவே வெளியே போனான். சாமியார் காலி நாற்காலிக்கு முன்னால் தண்ணீர்த் தட்டோடு முழங்காலில் இருந்தார். யாராவது வந்து உட்காருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை.

திங்கட்கிழமை தேவப்பிரியம் வெளுத்த வேட்டியும் கமிட்டியுமாக வந்தார். பீவியின் வாசலை அடைத்துக்கொண்டு வெள்ளத்துரையும் அவன் கூட்டாளிகளும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். துறைமுகத்திலிருந்து நேரே வந்த கால்கள், முழங்கால் வரை கரி.

"எந்திரிங்கலே!"

யாரும் எழவில்லை. உள்ளே போக வேண்டுமானால் அந்தக் கால்களைப் பிடித்து இழுத்துப் போட வேண்டும். கமிட்டி தலைவரைப் பார்த்தது. தலைவர் கமிட்டியைப் பார்த்தார். பரம்பரையாகத் தொடாத கால்கள். தெருவையே சுத்தம் பண்ணப் புறப்பட்டவர்களுக்கு ஒரு காலைத் தொடக் கை வரவில்லை.

"சாமியே தொட வந்த காலுதான் மொதலாளி," என்றான் வெள்ளத்துரை. "தொட்டுத் தூக்கு."

தேவப்பிரியம் வேட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மண்டிக்குத் திரும்பிப் போனார்.