மேம்பாலத்தில் தட்டிய வண்டி

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அக்கா டாக்ஸி ஓட்டுகிறாள். அவளுக்கு ஒரு புகார் மனு தேவைப்பட்டது. "கதையெல்லாம் எழுதுறியே, ஒரு பக்கம் எழுதிக் குடு" என்றாள். எழுதினேன். ஒரு பக்கம் நாலு பக்கமாயிற்று. படித்துப் பார்த்தவள், இதை எந்த ஆபீசிலும் கையால் தொடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுத் தானே ஆறு வரியில் மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். மிச்சம் என் கையில் நின்றது. அதுதான் இது.

2

முதல் வாக்கியத்தை மூன்று முறை எழுதினேன்.

அந்த மேம்பாலம் ஏதோ ஒரு மிருகத்தின் முதுகைப் போல— (வேண்டாம். மேம்பாலம் மேம்பாலமாகவே இருக்கட்டும்.)

அக்காவின் கண்களில் நீர் திரண்டு— (இதை அக்காவே அடித்தாள். "நான் எப்ப அழுதேன்? எனக்கு வயித்தெரிச்சல். அதை எழுது.")

வண்டி தட்ட ஆரம்பித்தது.

இது நிற்கட்டும். தட்டுவது என்றால், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது மாதிரி ஒரு சத்தம். சமதரையில் கேட்காது. மேடு ஏறும்போது, ஆட்களை ஏற்றிக்கொண்டு அழுத்தி மிதித்தால் கேட்கும்.

(இங்கே ஒரு விளக்கம். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து, அழுந்தி நிற்கும். பிளக் பொறி வைத்ததும் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தீ சீராகப் பரவவேண்டும். மட்டமான பெட்ரோலுக்கு அந்த அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கும் பொறுமை கிடையாது. தீ வந்து சேருமுன்பே மறு மூலை தானாகப் பற்றிக்கொள்ளும். அந்த அதிர்ச்சி பிஸ்டன் தலையில் சுத்தியல் மாதிரி இறங்கும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.)

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அக்காவின் மெக்கானிக். டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்குப் பெயர் 'காது'. நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். அவர் பிளக் மாற்றினார், கரியைச் சுரண்டினார், டைமிங் பார்த்தார். வண்டி தட்டிக்கொண்டேதான் இருந்தது.

3

அக்கா ஏழு வருடமாக டயாலிசிஸ் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். அன்று வண்டியில் இருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் சத்தம் பெரிதாகி, புகை வந்து, வண்டி நின்றுபோனது. வெயில். பின்னால் ஹாரன். அக்கா நடுரோட்டில் கையை விரித்து நின்று இன்னொரு டாக்ஸியை மறித்து, அவரைக் கைத்தாங்கலாக அதில் ஏற்றி அனுப்பினாள். நாற்பது நிமிடம் தாமதம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. (ஏதாவது ஆகியிருந்தால் கதைக்கு நல்லது என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. எழுதுகிறவர்களை நம்பாதீர்கள்.)

மறுநாள் ஆஸ்பத்திரியில் வண்டிகளைக் கவனிக்கும் அம்மாள் பட்டியலிலிருந்து அக்காவின் பெயரை எடுத்துவிட்டார். வண்டியைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்களை நம்பி நோயாளிகளை அனுப்ப முடியாது என்றார். பொம்பளை ஓட்டுகிற வண்டி வேறெப்படி இருக்கும் என்று ஸ்டாண்டில் ஒருவர் சொன்னதும் அவள் காதில் விழுந்தது.

'காது' இன்ஜினைப் பிரித்தார். பிஸ்டன் தலை அம்மை போட்ட முகம் மாதிரி குழிகுழியாக இருந்தது. ஓரம் உடைந்திருந்தது. புது பிஸ்டன் போட்டு, ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் பங்க்கில் பெட்ரோல் நிரப்பி மேம்பாலம் ஏறினார்கள். தட்டியது. டாங்கைக் காலிசெய்து, ஊரின் மறுகோடியிலிருந்து வாங்கிவந்த பெட்ரோலை ஊற்றி மூன்று தடவை ஏறினார்கள். சத்தமே இல்லை. மறுபடி எதிர் பங்க். மறுபடி கூழாங்கல்.

4

பங்க் முதலாளியை நான் முதலில் தொந்தியும் தங்க மோதிரமுமாக எழுதியிருந்தேன். அக்கா சிரித்தாள். அவர் ஒல்லி. யாரையும் மரியாதையில்லாமல் பேசமாட்டார். வெயிலில் வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பார். "அவர் நல்லா பேசுறதுதான்டி பிரச்சினையே" என்றாள்.

பெட்ரோலைச் சோதிக்க, யார் கேட்டாலும் பங்க்கில் கொடுக்கவேண்டிய பில்டர் பேப்பரை அவள் கேட்டபோதும் நன்றாகத்தான் பேசினாராம். பேப்பர் தீர்ந்துபோச்சும்மா, அடுத்த வாரம் வாங்க. அடுத்த வாரமும் அதேதான். அதோடு, உங்க வண்டியும் பழசுதானேம்மா என்று ஒரு புன்னகை.

(டேங்கர் லாரிக்காரன் செய்த வேலையாக இருந்து, அவருக்கே தெரியாமல் இருந்தால்? இந்தச் சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது. தெரியாதவர் ஏன் பேப்பரை ஒளிக்கவேண்டும் என்று அக்கா கேட்கிறாள்.)

தான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருமாறு 'காது'விடம் அவள் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய ஷெட் அந்த முதலாளியின் இடம். அக்கா இரண்டாம் தடவை கேட்கவில்லை.

5

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா பங்க்குக்குள் போனாள். பம்ப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் கடையில் பில்டர் பேப்பர் வாங்கி வைத்திருந்தாள். பெட்ரோல் போடும் பெண்ணிடம், குழாய் முனையிலிருந்து ஒரு சொட்டு விடச் சொன்னாள். அவள் முதலாளியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், விட்டாள். பக்கத்தில் இன்னொரு தாள். அதில் மறுகோடி பங்க்கின் பெட்ரோல் ஒரு சொட்டு. சுத்தமான பெட்ரோல் என்றால் இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் காய்ந்துவிடும்.

அந்த இரண்டு நிமிடமும் எங்கும் ஒரே அமைதி— (பொய். எட்டு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.)

மறுகோடி பங்க்கின் தாள் காய்ந்து வெறுமையாக இருந்தது. இந்த பங்க்கின் தாளில் எண்ணெய்த் தலை பட்ட தலையணை உறை மாதிரி ஒரு கறை, போகவேயில்லை.

"பேப்பர் நீங்க கொண்டுவந்தது. இது செல்லாதும்மா" என்றார் முதலாளி.

"அப்ப உங்க பேப்பரைக் கொண்டாங்க. நான் இங்கதான் நிக்கிறேன்."

அப்போது 'காது' ரோட்டைத் தாண்டி வந்தார். கையெல்லாம் கிரீஸ். அக்காவின் வண்டி பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு, முதலாளியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இந்த வண்டில ஒரு குறையும் இல்ல. பிரிச்சுப் பாத்தவன் நான். கோளாறு பெட்ரோல்ல."

இதற்கு அழகான வசனம் ஒன்று எழுதிப் பார்த்தேன். அவர் பேசியதுதான் நன்றாக இருந்தது.

மாலையில், அக்காவின் ஆறு வரி மனுவைப் பார்த்து அதிகாரிகள் வந்து மூன்று பாட்டிலில் மாதிரி எடுத்து, அரக்கு சீல் வைத்துக் கொண்டுபோனார்கள். மறுவாரம் 'காது'வுக்கு ஷெட்டைக் காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. தன் வீட்டு முன்பக்கத்தில் கடை போட்டுக்கொள்ளச் சொன்னாள் அக்கா. போட்டிருக்கிறார்.

6

முடிவுகள் இரண்டு எழுதினேன்.

(அ) சோதனை அறிக்கை வருகிறது. பங்க்குக்குச் சீல். ஆஸ்பத்திரி அம்மாள் அக்காவைக் கூப்பிட்டனுப்பி—

(ஆ) அறிக்கை வருகிறது. பெட்ரோல் சுத்தம் என்று இருக்கிறது. அக்கா மனமொடிந்து—

இரண்டையும் அடித்துவிட்டாள். அறிக்கை இன்னும் வரவில்லை என்பதுதான் நிஜம். இப்போது ஸ்டாண்டு ஆட்கள் ஏழெட்டுப் பேர் பங்க்கில் பேப்பர் கேட்கிறார்கள் என்பதும் நிஜம். அக்காவின் வண்டிக்கு மட்டும் பெட்ரோல் போடக்கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டிருக்கிறார். அதனால் தினமும் காலை எட்டரைக்கு அவள் அங்கே வரிசையில் நிற்கிறாள்.

அந்தப் பெட்ரோல் உனக்கு எதற்கு என்று கேட்டேன்.

"எனக்கு ஒரு சொட்டு வேணாம். வேற எடத்துலதான் போடுறேன். ஆனா உங்களுக்குக் கிடையாதும்மான்னு சொல்றாரே, அதை எழுதிக் குடுக்கட்டும். எழுத்துல வாங்காம நான் நகரமாட்டேன்."

இன்று நானும் வண்டியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வரியை எழுதும்போது எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு வண்டி. முதலாளி கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வருகிறார். அக்கா இன்ஜினை அணைத்துவிட்டாள். பின்னால் இருக்கிற வண்டியில் நீங்கள். உங்களுக்கும் அவசரம் இருக்கும். ஹாரன் மேல் கை இருக்கிறது. அடிக்கப் போகிறீர்களா, கதவைத் திறந்து இறங்கி வரப் போகிறீர்களா என்பதை நான் எழுதமாட்டேன்.