இரண்டு பேருக்கான ஹீட்டர்

டமாரென்று ஒரு சத்தம். நஞ்சப்பனின் குளியலறை ஹீட்டர் வெடித்து, சுவரை விட்டுக் கீழே விழுந்தது. உப்புத் தண்ணீர் அதன் வயிற்றை அரித்திருந்தது. அது மாட்டியிருந்த இடத்தில் ஆள் நுழையுமளவு ஓர் ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஹீட்டர் கடை.

ஒவ்வொரு ஹீட்டருக்குப் பின்னாலும் ஒரு கடை இருக்கும் என்பது நஞ்சப்பனுக்குத் தெரியும். இத்தனை பெரிதாக இருக்கும் என்றுதான் எதிர்பார்க்கவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறினார். இடுப்புத் துண்டோடு உள்ளே இறங்கினார்.

"வாங்ணா. காதுல சோப்பு இருக்குது, தொடச்சுக்குங்க" என்றாள் கடைக்காரப் பெண். அவள் சட்டையில் திலகா என்று பெயர் குத்தியிருந்தது.

துடைத்துக்கொண்டார். "பழைய மாதிரியே குடுங்க. இருபத்தஞ்சு லிட்டர்."

"அதை நீங்க சொல்லப்படாதுங்ணா. ஊட்டுல எத்தனை பேரு?"

நஞ்சப்பன் யோசித்தார். மகன் கனடாவில் இருந்தான். மனைவி அம்சவேணி போன மார்கழியில் இறந்துபோனாள்.

"ரெண்டு" என்றார்.

திலகா எட்டி அவர் தோளை முகர்ந்து பார்த்தாள். "ஒண்ணுங்ணா. ஒரே சோப்பு வாசம்தான் வருது."

ஒரு லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். டிபன் கேரியர் அளவுதான் இருந்தது. குளிரில் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"போட்டதும் சுடும். தண்ணி காயட்டும்னு நீங்க யாருக்கும் காத்திருக்க வேண்டாம். உங்களுக்கும் யாரும் காத்திருக்க மாட்டாங்க. மாட்டறதுக்கு நம்ம ஆளுங்களே வருவாங்க. அப்படியே ஊட்டையும் இதுக்கேத்த அளவுக்குக் குறைச்சுக் குடுத்துருவாங்க. இலவசம்ங்."

"எதைக் குறைப்பீங்க?"

"ஹாலு போயிரும். பெரிய கட்டில் போயிரும். சாப்பாட்டு மேசையில உங்க பக்கம் மட்டும் இருக்கும்."

மேசையின் மறு பக்கத்தில்தான் அம்சவேணி உட்காருவாள். நஞ்சப்பன் துண்டை இறுக்கிக்கொண்டார். "வேற காட்டுங்கம்மா."

நடந்தார்கள். நடக்க நடக்கக் கடை நீண்டது. இரு பக்கமும் ஹீட்டர்கள் திரும்பிப் பார்த்தன.

"கேஸ் ஹீட்டர் இருக்குது. குளியலறையில ஜன்னல் பெருசுங்களா?"

"கை நுழையும்."

"அப்ப மூச்சு முட்டிப் போயிருவீங்க. சோலார் நல்லதுங்ணா. மொட்டை மாடி யாருது?"

"அபார்ட்மெண்ட் சங்கத்துது."

"அப்ப வெயிலும் சங்கத்துது." திலகா நின்றுவிட்டாள். "பெரிய ஹீட்டர்தான் வேணும்னா இன்னொரு ஆள் வேணுங்ணா. பின்னால இருக்காங்க, பாருங்க. ஒத்துப்போச்சுன்னா இருபத்தஞ்சு லிட்டர். ஒத்துப்போகலீன்னா ஒரு லிட்டர்தான்."

கடைக்கோடியில் ஒரு நீளப் பலகை. அதில் தோளில் துண்டோடு சிலர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப் போல எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். ஓரத்தில் இருந்த ஒல்லியான மனிதர் மட்டும் எழுந்தார். நஞ்சப்பன் வயதுதான் இருக்கும். கையில் சோப்பு டப்பா.

"தர்மலிங்கம்ங்" என்றார்.

"நீங்க எப்படி இங்க?"

"எங்க ஊட்டுல அஞ்சு பேருங்க. வாங்கினது நாலு பேரு ஹீட்டரு. அளவு சரியா இருக்கோணும்னு என்னைய இங்க உட்கார வெச்சுட்டுப் போனாங்க."

"அப்புறம் வரவே இல்லீங்களா?"

"பொங்கலுக்கு வந்தாங்க. ஹீட்டருக்கு சர்வீஸ் பண்ண."

பலகையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். திலகா ஒரு லிட்டர் ஹீட்டரைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். அதற்கு இன்னும் நடுக்கம் நிற்கவில்லை.

"உங்களுக்கு வெந்நி எப்படி இருக்கோணும்?" என்று தர்மலிங்கம் கேட்டார்.

"தோல் செவக்கோணும்."

"எனக்கு வெதுவெதுன்னு இருந்தாத்தான் ஆகும்."

திலகா ஹீட்டரை அட்டைப்பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினாள். நஞ்சப்பன் பதறினார். "மொதல்ல நான் குளிச்சர்றேன். ஆறின பொறவு நீங்க குளிங்க."

"குளிக்கறப்ப நான் பாடுவனுங்க. ஒரே பாட்டு. அதுலயும் பாதிதான் தெரியும்."

"பாதிய ரெண்டு தடவை பாடுங்க."

தர்மலிங்கம் அவரை மேலும் கீழும் பார்த்தார். சோப்பு டப்பாவைத் திறந்து, மூடினார். அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டுவதற்குத் திலகா டேப்பைக் கிழித்துப் பிடித்திருந்தாள்.

"எனக்குச் சமைக்கத் தெரியாது. படியேறினா மூச்சு வாங்கும். பேப்பர் படிச்சுக் காட்டக் கண்ணும் தெரியாது. என்னையக் கூட்டிட்டுப் போயி என்னங்க பண்ணப்போறீங்க?"

நஞ்சப்பன் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"ஹீட்டர் சுவிட்சு குளியலறைக்கு வெளியில இருக்குதுங்க; 'போடு, போடு'ன்னு தெனமும் உள்ள நின்னு கூப்பிட்டுட்டுத்தான் இருக்கறேன், 'போட்டாச்சு'ன்னு ஒரு குரல் வந்தாப் போதும்."