கவுஞ்சியிலிருந்து ஒரு ஸ்கூட்டி

1

இந்தக் கதை பஜ்ஜிப் பேச்சில் பிறந்தது. பெரிய இடத்துப் பிறப்பென்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வழியில்லை.

கொடைக்கானலைச் சுற்றிய பழனி மலைத்தொடரில் அந்துப்பூச்சிகளைப் படமெடுப்பவர்களுக்கென்று எங்களுக்கொரு வாட்ஸப் குழு உண்டு. விளக்கு வெளிச்சத்துக்கு வந்து விடிகாலையில் சுவரில் ஒட்டிக்கிடக்கும் பூச்சிகளைப் படம்பிடிப்போம். பெயர் தெரிந்தவர் சொல்லுவார், தெரியாதவர் சண்டை போடுவார். அட்மின் திருமலைச்சாமி அண்ணன் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் விடுதி நடத்துகிறவர். குழுவில் பூச்சியைத் தவிர வேறெது பேசினாலும் கண்டிப்பார். பேசாமல் யாராலும் இருக்க முடியவில்லை என்பதால் இரண்டாவது குழுவொன்றையும் அவரே தொடங்கி, 'டீக்கடை' என்று பெயர் வைத்தார். அங்கே பூச்சியைப் பற்றிப் பேசத் தடை.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மேகம் மூடிய ஒரு மாலையில்—'

கொடைக்கானலில் மேகம் மூடாத மாலை எது? விட்டுவிட்டேன். அடுத்து: 'முருகேஸ்வரி தன் வாழ்வையே மாற்றப்போகும் முடிவொன்றை—'

இதைப் படித்தால் முருகேஸ்வரியே சிரிப்பாள். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

2

ஆடி மாதச் சாரல். டீக்கடையில் வாழைக்காய் பஜ்ஜியா, மிளகாய் பஜ்ஜியா என்று அடிதடி. டாக்ஸி ஓட்டும் குகன், "மிளகா பஜ்ஜி திங்காதவன் மனுசனே இல்ல" என்று தீர்ப்பெழுதியிருந்தான். அதற்குக் கீழே முருகேஸ்வரியின் செய்தி வந்து விழுந்தது.

"நான் ஸ்கூட்டி வாங்கிட்டேன். ஓட்டத்தான் தெரியாது."

முருகேஸ்வரி* கவுஞ்சிக்காரி. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் தாண்டிப் போகவேண்டிய மலைக்கிராமம். பூண்டும் கேரட்டும் போடுகிற குடும்பம். எங்கள் கூட்டம் எதற்கும் அவள் வந்ததில்லை. பஸ்ஸில் வந்தால் திரும்ப பஸ் கிடையாது. கணவர் அழகுமலையின் டெம்போவில் வரலாமென்றால், மூட்டை ஏற்றியது போக இடமிருக்காது.

(* வயதில் என்னைவிடச் சின்னவள், 'அக்கா' என்பாள். அதனால்தான் 'அவள்'. மரியாதைக் குறைவென்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.)

ஆளாளுக்குக் கைதட்டும் படம் அனுப்பினார்கள். "மழை ஓஞ்சதும் நடக்கிற கூட்டத்துக்கு வண்டியிலதான் வருவேன், பாருங்க" என்றாள். உடனே குகன் எழுதினான்:

"அப்ப பூம்பாறை வளைவுல இப்பவே ஆம்புலன்ஸ நிறுத்திரலாமா?"

சிரித்தவர்களில் நானும் உண்டு. சற்று நேரத்தில் திரையில் ஒரு வரி தோன்றியது: முருகேஸ்வரி வெளியேறினார்.

3

அவளுக்குப் போன் செய்தேன்.

"கோவத்துல வெளிய வரலக்கா" என்றாள். "எங்க வீட்டுக்காரரோட தம்பி அந்த வளைவுலதான் பைக்கோட போயிட்டான். குகனுக்கு என்ன தெரியும் பாவம். ஆனா இவரு போன வாங்கிப் படிச்சுட்டாரு. 'பாத்தியா, ஊரே சொல்லுது'ன்னு சாவிய எடுத்து வச்சுக்கிட்டாரு. இதுக்கு மேல அவரு படிக்க வேணாம்னுதான் வெளிய வந்தேன்."

"இப்ப என்ன செய்யப்போற?"

"ஓட்டத்தான் போறேன்."

அழுவாள் என்று எதிர்பார்த்து, ஆறுதல் சொல்லத் தயாராக இருந்தேன். அவள் பேச்சை மாற்றி, பூண்டு விலையைச் சொல்லத் தொடங்கினாள். (இந்தப் பேச்சு கதைக்கு வேண்டாம்.)

4

இந்த இடத்தில் எனக்குக் குகன் மேல் சந்தேகம் வந்தது. மனிதனாக அல்ல, பாத்திரமாக. முதல் பிரதியில் அவனை வில்லனாக்கினேன். இரண்டாவதில் ரட்சகனாக்கினேன். முருகேஸ்வரி போனில் சொன்னதை நான் சொன்னதும் அவன் சும்மா இருக்கவில்லை. சுற்றுலாப் பயணிகளை மன்னவனூரில் இறக்கிவிட்டு நேரே கவுஞ்சிக்குப் போனான்.

அவன் சொன்னது: "அழகுமலை அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்க்கா. காப்பி குடுத்தாங்க. பேசிப் பேசியே சாவிய வாங்கிக் குடுத்துட்டேன்."

பிரமாதமான காட்சி. பக்கம் பக்கமாக எழுதி முடித்து முருகேஸ்வரியிடம் வாசித்துக் காட்டினேன். குறுக்கிட்டாள்.

"எக்கா, யாரு காப்பி குடுத்தா? பூண்டு மூட்டை மேல உக்காந்திருந்துட்டுப் போச்சு அந்தத் தம்பி. அதும் பேசல, இவரும் பேசல. அது வர்றதுக்கு முன்னாடியே சாவி என் கையில வந்துருச்சு."

"எப்படி?"

"சட்டைப் பையிலதான வச்சிருந்தாரு. துவைக்கிறது யாரு?" சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "திருடலக்கா. 'எடுத்துக்கிட்டேன்'னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் எடுத்தேன். 'உங்க தம்பிய நெனச்சு எனக்கும் பயந்தான். பயந்துகிட்டே ஓட்டுறேன்'னேன். அன்னைக்கு அவரு சாப்பிடாம எந்திரிச்சுப் போயிட்டாரு."

காப்பிக் காட்சியைக் கிழித்துப்போட்டேன். அழகுமலை சாப்பிடாமல் எழுந்துபோனதை மட்டும் விட மனம் வரவில்லை. அவரையும் வில்லனாக்குவது எனக்கு எளிது. ஆனால் அந்த வளைவிலிருந்து தம்பியைத் தூக்கிவந்த மனிதர் அவர்.

5

குகன் ஒன்று செய்தான், அதை யாரும் மறுக்க முடியாது. முருகேஸ்வரியை டீக்கடைக்குத் திரும்ப அழைத்து எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டான். அன்றிலிருந்து பஜ்ஜிப் பேச்சுக்கு நடுவே அவனுடைய குரல் பதிவுகள் வரத் தொடங்கின.

"யக்கா, எறக்கத்துல பிரேக்க அமுக்கியே புடிச்சிராதீங்க. விட்டு விட்டுப் புடிங்க. வளைவுக்கு முன்னாலயே ஹாரன். மேல ஏறி வர்ற வண்டிக்கு வழி விட்ருங்க, வீம்பு வேணாம்."

திருமலைச்சாமி அண்ணன், "டீக்கடைல பாடம் எடுக்கக் கூடாது" என்று விதி போட்டார். ஒருவரும் மதிக்கவில்லை. அவளும் பதிலுக்கு அனுப்புவாள்: சேற்றில் கிடக்கும் வண்டி, உரிந்த முழங்கை, உடைந்த கண்ணாடி. ஒவ்வொன்றின் கீழும் ஒரே வரி: "நாளைக்கும் உண்டு." மழை ஓய்வதற்குள் லைசென்ஸும் எடுத்துவிட்டாள்.

6

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

முதலாவதில் அவள் கூட்டத்துக்கு வந்து சேர்கிறாள், எல்லோரும் கைதட்டுகிறோம். (நன்றாக இருக்கிறது. அதனால்தான் நம்பிக்கையில்லை.)

இரண்டாவதில் பாதி வழியில் திரும்பிவிடுகிறாள். அதைக் கேட்டதும் அவள், "நீங்க வேணா திரும்பிப் போங்க" என்றாள்.

மூன்றாவதில்— பூம்பாறை வளைவு. அதை எழுதவில்லை.

இன்றுதான் கூட்டம். திருமலைச்சாமி அண்ணனின் விடுதி வராந்தாவில் உட்கார்ந்து இந்த வரியை எழுதுகிறேன். குகன் வாசல் கேட்டருகே நின்று, வராத வண்டிக்கெல்லாம் ரோட்டை எட்டிப் பார்க்கிறான். டீக்கடையில் விடிந்ததிலிருந்து பஜ்ஜிப் பேச்சே இல்லை.

இப்போது ஒரு குரல் பதிவு வந்திருக்கிறது. காற்றிரைச்சலுக்கு நடுவே அவள்:

"நதியாக்கா, மன்னவனூர் தாண்டி ஓரமா நிப்பாட்டிட்டுத்தான் பேசுறேன், பயப்படாதீங்க. மூட்டமா கெடக்கு. எங்க வீட்டுக்காரரு டெம்போவ எடுத்துக்கிட்டுப் பின்னாடியே வர்றாரு. வேணாம்னு சொன்னேன், கேக்கல. மஞ்ச லைட்ட மினுக்கிக்கிட்டே மெதுவா வர்றாரு. வளைவு வந்தா முன்னாடி போயி வழி காட்டவான்னு கேட்டாரு. வேணாம்னுட்டேன். முன்னாடி நாந்தான் போவேன். கதைய நீங்க எப்படி வேணா முடிச்சுக்குங்க. நான் வந்துக்கிட்டிருக்கேன்."

குகன் அதை இன்னொரு தடவை போடச் சொன்னான். போட்டேன்.

பூம்பாறை வளைவு அவளுக்கு இன்னும் முன்னால் இருக்கிறது. வந்துவிட்டாள் என்று நான் எழுதினால் அது பொய். அவள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது நான் முடித்துவைக்க இதில் என்ன இருக்கிறது? படிக்கிற உங்களுக்கு அவசரமென்றால் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். நான் எழுதுவதை நிறுத்திவிட்டு, கேட்டருகே போய் நிற்கிறேன்.